புதுசா வந்து சேர்ற புள்ளைங்கள எங்க ஒன்றியப் பள்ளி ஒண்ணாங்கிளாஸ்ல எப்படி சேத்துக்கறாங்க – ஒரு அம்மாவோட ரிவ்யூ

பள்ளிக்கூடத்துக்கு ரிவ்யூ எழுதறவங்க பெரும்பாலும் பில்டிங் எப்படி இருக்கு, இங்கிலீஷ் மீடியம் இருக்கா, வேன் வருதான்னு தான் எழுதறாங்க. நான் ஒரே ஒரு விஷயத்த மட்டும் எழுதறேனுங்க. வருஷத்துக்கு நடுவுல ஒரு புதுப் புள்ள வந்து சேந்தா, ஏற்கனவே அங்க உக்காந்திருக்கற புள்ளைங்கள அதுக்கு எப்படி தயார் பண்றாங்க, இது தான் விஷயம். சின்னப் புள்ளைங்கள ஸ்கூல்ல போடப்போற எல்லாரும் இதையும் விசாரிக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

ஸ்கூல் திருப்பூருக்கு வெளிய, பனியன் கம்பெனிங்க நெறைய இருக்கற ஏரியாவுல இருக்கற ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி. பேர் போடல, ஹெச்எம் கிட்ட கேக்காம போடறது சரியில்ல, அதுவுமில்லாம இதுல புள்ளைங்க விஷயமும் இருக்கு. எங்க பாப்பா அங்க ஒண்ணாங்கிளாஸ். நான் செக்கிங் வேலைக்கு போறேன், ஸ்கூல் மேலாண்மைக் குழுவுலயும் இருக்கேன், அதனால மத்த அம்மாங்கள விட ஸ்கூலுக்கு கொஞ்சம் ஜாஸ்தி போய் வருவேன்.

எங்க ஏரியா தெரிஞ்சவங்களுக்கு சொல்லவே வேண்டாம், லைன் வீடுங்கள்ல பாதிக்கு பாதி வெளியூர்க்காரங்க. முன்னெல்லாம் மதுர தேனி பக்கம் இருந்து வருவாங்க, இப்போ பீகார் ஒடிசா ஜார்க்கண்ட் அஸ்ஸாம்னு வர்றாங்க, தனியா வந்தவங்க இப்போ குடும்பத்தோட இருக்காங்க. அவங்க ஜூன் மாசம் பாத்து வர்றதில்ல, ஆர்டர் இருக்கறப்போ வருவாங்க, ஆகஸ்ட்ல வருவாங்க, பொங்கல் முடிஞ்சு வருவாங்க. அதனால எங்க ஸ்கூல் மாதிரி இடத்துல நடுவுல ஒரு புள்ள வந்து நிக்கறது எப்பவாச்சும் நடக்கற விஷயம் இல்ல, வருஷா வருஷம் நடக்கறது.

முதல்ல அட்மிஷன். இதுல குறையே சொல்ல முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்கள டிசி வர லேட் ஆகுதுன்னோ, வயசுக்கு சர்ட்டிபிகேட் இல்லன்னோ, அட்மிஷன் தேதி முடிஞ்சு போச்சுன்னோ சொல்லி திருப்பி அனுப்பக் கூடாது, வயசுக்கு ஏத்த கிளாஸ்ல சேத்துக்கணும். இது நெறைய பேருக்கு தெரியாம வாசல்லயே கெஞ்சிட்டு நிக்கறாங்க. எங்க ஹெச்எம் இந்த விஷயத்துல கரெக்டா இருக்காங்க, பேப்பர் பின்னாடி வரட்டும் புள்ள முன்னாடி வரட்டும்பாங்க.

ஆனா சேத்துக்கறது வேற, சேர்ந்துக்கறது வேற தானுங்க. சட்டம் வாசல் வரைக்கும் தான் வரும், அதுக்கப்புறம் அஞ்சு ஆறு வயசுப் புள்ளைங்க நடுவுல என்ன நடக்குதுங்கறது டீச்சர் கையில தான் இருக்கு.

இந்த வருஷம் ஆகஸ்ட்ல பீகார்ல இருந்து வந்த குடும்பத்துப் பொண்ணு ஒண்ணு பாப்பா கிளாஸ்ல சேந்துச்சு. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. டீச்சர் பண்ணதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தப் பொண்ணு வர்றதுக்கு முன்னாடி நாள் பண்ணது. மத்த புள்ளைங்கள வட்டமா உக்கார வெச்சு, நீங்க ஃபர்ஸ்ட் டே வந்தப்போ எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்களாம். ஒருத்தன் அழுதேன்னான், ஒருத்தி பாத்ரூம் எங்கன்னு தெரியலன்னா, எங்க பாப்பா டிபன் டப்பா மூடிய திறக்க முடியல யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலன்னு சொல்லியிருக்கா. அது எல்லாத்தையும் போர்டுல சின்னச் சின்னப் படமா டீச்சர் வரைஞ்சிருக்காங்க, அழற மூஞ்சி, பைப்பு, டப்பா. அப்புறம் நாளைக்கு ஒரு பாப்பா வரப் போறா, அவளுக்கும் இதெல்லாம் இருக்கும், கூடவே நாம பேசறது அவளுக்குப் புரியாது, நாம என்ன பண்ணலாம்னு கேட்டிருக்காங்க. இப்படிப் பண்ணு அப்படிப் பண்ணுன்னு சொல்லவே இல்ல, புள்ளைங்களே தான் சொல்லியிருக்காங்க. நான் பாத்ரூம் காட்றேன், நான் பக்கத்துல உக்காந்துக்கறேன், நான் டப்பா திறந்து தர்றேன்னு.

பாப்பா வீட்டுக்கு வந்து ஆத்தா கிட்ட நாளைக்கு எனக்கு வேலை இருக்குன்னு சொன்னா பாருங்க, அவ்வளவு முக்கியமா சொன்னா. நல்ல புள்ளையா இருக்கணும் எல்லாரையும் நேசிக்கணும்னு பொதுவா சொன்னா அஞ்சு வயசுப் புள்ளைக்கு எதுவும் பிடிபடாது. டப்பா திறந்து குடுக்கறது ஒரு வேலை. அது புரியும், அத செய்யும்.

அதே மாதிரி அந்தப் பொண்ணையும் அவ அம்மாவையும் முன்னாடி நாள் சாயங்காலம், புள்ளைங்க எல்லாம் போனதுக்கப்புறம் வரச் சொல்லி காலி கிளாஸ சுத்திக் காட்டியிருக்காங்க. தண்ணி எங்க, பாத்ரூம் எங்க, பை மாட்டற ஆணி எது. ஆணி மேல அவ பேர் எழுதி பட்டாம்பூச்சி ஒண்ணு வரைஞ்சு கலரும் அடிச்சாச்சு. பேர அம்மாவ ரெண்டு மூணு தடவ சொல்லச் சொல்லி எப்படிக் கூப்பிடணும்னு டீச்சர் பழகிட்டு, அடுத்த நாள் காலைல புள்ளைங்களுக்கும் அத சொல்லிக் குடுத்திருக்காங்க. நம்ம வாய்க்கு வர்ற மாதிரி சுருக்கி மாத்தி வெக்கல. பானி (தண்ணி), கானா (சாப்பாடு), ஆவோ (வா), பைட்டோ (உக்காரு)ன்னு ஒரு கை விரல்ல அடங்கற அளவு ஹிந்தி வார்த்தைங்கள பக்கத்து கம்பெனி சூப்பர்வைசர் கிட்ட கேட்டு சார்ட்ல தமிழ்ல எழுதி ஒட்டிட்டாங்க, டீச்சருக்கு மட்டும் இல்ல புள்ளைங்களுக்கும் தான்.

ஃபர்ஸ்ட் டே கிளாஸ் முன்னாடி நிக்க வெச்சு எல்லாரும் ஹலோ சொல்லுங்க, நீ உன் பேர் சொல்லுன்னு பண்ணவே இல்ல. இது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதின்னா, என் பெரியவன் படிச்ச ஒரு ப்ளே ஸ்கூல்ல (பேர் வேண்டாம்) புதுசா வர்ற ஒவ்வொரு புள்ளையையும் முன்னாடி நிக்க வெச்சு கை தட்டுவாங்க, பலூன் குடுப்பாங்க, போட்டோ எடுத்து குரூப்ல போடுவாங்க, புள்ள மிரண்டு போய் ட்ராயர்லயே போயிடும், அப்புறம் அந்த வருஷம் முழுக்க அது தான் அவனுக்கு பேரு. வரவேற்கறதுன்னா கொண்டாடறதுன்னு நினைச்சுக்கறாங்க. புதுப் புள்ளைக்கு அந்த நேரத்துல வேண்டியது அத்தனை கண்ணும் தன்னப் பாக்காம இருக்கறது. இங்க கதவுக்குப் பக்கத்துல, வட்டத்தோட ஓரத்துல உக்கார வெச்சாங்க, அம்மா வெளிய மரத்தடியில கண்ணுக்குத் தெரியற மாதிரி கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாங்க, அடுத்தடுத்த நாள் அந்த நேரம் குறைஞ்சு குறைஞ்சு போச்சு. ஆனா போறப்போ சொல்லாம நழுவறது கிடையாது, டாட்டா சொல்லிட்டுத் தான் போகணும்னு டீச்சர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. அழுதாலும் பரவால்ல, அம்மா எப்போ காணாம போவான்னு பயந்துட்டே உக்காந்திருக்கறது அத விட மோசம்னாங்க.

பக்கத்துல தொணைக்குப் போட்ட விஷயம் கொஞ்சம் விரிவா சொல்லணும். மொதல்ல நல்லா வாய் பேசற ஒரு பொண்ண தொணைக்கு விட்டாங்க. ரெண்டு நாள் நல்லா போச்சு. அப்புறம் அந்தப் பொண்ணு புதுசா வந்தவளுக்கு எல்லாத்தையும் தானே செய்ய ஆரம்பிச்சுட்டா, பென்சில் சீவி குடுக்கறது, வாயத் துடைச்சு விடறது, வேற யாராச்சும் கிட்ட வந்தா இது என் பாப்பான்னு தள்ளி விடறது. புதுசா வந்தவ பொம்மை மாதிரி ஆயிட்டா. டீச்சர் இத கவனிச்சு மாத்திட்டாங்க. ஒரே ஆள் கிடையாது, தண்ணிக்கும் பாத்ரூமுக்கும் ஒருத்தி, சாப்பாட்டு வரிசையில ஒருத்தன், வாரத்துக்கு வாரம் ஆள் மாறும். அதுலயும் இந்த ரெண்டாவது ஏற்பாட்டுல புதுசா வந்தவளுக்கும் ஒரு வேலை குடுத்துட்டாங்க, சாக்பீஸ் டப்பா எடுத்துட்டு வர்றது. வாங்கிட்டே இருக்கற இடத்துல இருந்து குடுக்கற இடத்துக்கும் வந்துட்டா. எனக்கு இந்த ஏற்பாடு தான் எல்லாத்துலயும் பெரிசா தெரியுது.

அடுத்து அந்த அமைதி. அந்தப் பொண்ணு ரொம்ப நாள் பேசவே இல்லீங்க. பாப்பா வீட்டுக்கு வந்து அவ ஊமையான்னு கேட்டா. நான் டீச்சர் கிட்ட கேட்டேன், புள்ளைக்கு ஏதாச்சும் பிரச்சனையான்னு. புது பாஷைக்குள்ள வந்து விழுந்த சின்னப் புள்ளைங்க வாரக்கணக்குல, சில புள்ளைங்க மாசக்கணக்குல கூட வாயத் திறக்காம இருப்பாங்க, உள்ள சேத்துக்கிட்டே இருப்பாங்க, அந்த நேரத்துல பேசு பேசுன்னு நெருக்கினா இன்னும் உள்ள போயிடுவாங்கன்னாங்க. கிளாஸ்ல அவங்க சொன்னது, அவ கேட்டுக்கிட்டு இருக்கா, பேசறப்போ பேசுவா. அவ்வளவு தான். புள்ளைங்க அத ஏத்துக்கிட்டாங்க, அவ சார்பா கையத் தூக்கி டீச்சர் அவளுக்கும் தெரியும்னு சொல்லுவாங்களாம்.

பேச்சு இல்லாம எப்படி விளையாடறதுன்னா அதுக்குத் தான் நம்ம விளையாட்டெல்லாம் இருக்கே. கொல கொலயா முந்திரிக்கா, நொண்டி, அஞ்சாங்கல்லு. முதல் கொஞ்ச நாள் டீச்சர் இன்டர்வல்ல இது மாதிரி எல்லாரும் சேர்ற ஆட்டமாவே வெச்சாங்க, ரெண்டு டீமா பிரிச்சு ஆள் எடுக்கற ஆட்டம் வேண்டாம்னுட்டாங்க, ஏன்னா ஆள் எடுக்கறப்போ கடைசியா நிக்கறது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். அஞ்சாங்கல்லுல அந்தப் பொண்ணு பயங்கர கெட்டி, அவங்க ஊர்லயும் இத ஆடுவாங்க போல, ஆறாங்கிளாஸ் போற புள்ளைங்க ஆடறத அவ ஆடறா. அது தெரிஞ்சதும் திண்ணைல அவள சுத்தி கூட்டம்.

டீச்சர் சொன்ன இன்னொன்னு நான் எப்பவும் யோசிச்சுப் பாக்காதது. சின்னப் புள்ளைங்க ஒரு ஆட்டத்துக்குள்ள நுழையணும்னா என்னையும் சேத்துக்கறீங்களான்னு கேட்டா பெரும்பாலும் இல்லன்னு தான் பதில் வரும். பக்கத்துல நின்னு பாத்து, அவங்க பண்றதையே ஓரமா தானும் பண்ண ஆரம்பிச்சா சுலபமா உள்ள போயிடலாம். மண்ணுல வீடு கட்டறாங்கன்னா பக்கத்துல உக்காந்து தானும் ஒரு சுவர் கட்டணும். அதனால புதுப் புள்ளைய போ போய் கேளுன்னு தள்ளி விட மாட்டாங்க, கையில ரெண்டு கல்லக் குடுத்து கிட்ட உக்கார வெப்பாங்க. உள்ள இருக்கற புள்ளைங்களுக்கும் தனியா சொல்லி வெச்சிருக்காங்க, ஓரமா நின்னு பாத்துட்டே இருக்கறவ கேக்க மாட்டா, நீங்க தான் அவள கவனிக்கணும்னு.

கவர்மெண்ட் ஸ்கூல்ல இருக்கற சில ஏற்பாடும் இதுக்கு ஒத்தாசையா இருக்கு. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல வந்ததுல இருந்து ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் அரும்பு மொட்டு மலர்னு நிலை வாரியா சின்னச் சின்ன குழுவா உக்காந்து தான் படிக்கறாங்க, அதனால எழுத்தே தெரியாம ஒரு புள்ள நடுவுல வந்தாலும் ஆரம்ப நிலையான அரும்புல போய் உக்காந்துக்கும், தனியா பின்னாடி பெஞ்ச்ல போட வேண்டியதில்ல. பாட்டு, கதை, பொம்மை எல்லாம் கிளாஸ்லயே நடக்கறதும் பாஷை தெரியாத புள்ளைக்கு நல்லது. அப்புறம் காலைச் சாப்பாடு. 2022 செப்டம்பர்ல மதுரைல ஆரம்பிச்சு, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல எல்லா கவர்மெண்ட் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு, செவ்வாய்க்கிழமை கிச்சடி புதன்கிழமை பொங்கல்னு. புள்ளைங்க ஒண்ணா தரையில உக்காந்து ஒரே சாப்பாட்ட சாப்பிடறப்போ பாதி கூச்சம் அங்கயே போயிடுது. முதல் வாரம் அந்தப் பொண்ணு சாம்பார் பிடிக்காம தட்ட தள்ளியிருக்கா, மத்தியானம் முட்டையும் சாப்பிட மாட்டா, வீட்டுல சாப்பிடறதில்ல. முட்டை சாப்பிடாத புள்ளைங்களுக்கு வாழைப்பழம் உண்டு, அத டீச்சர் முன்னாடியே சத்துணவு அக்கா கிட்ட சொல்லி வெச்சிருந்ததால ஏன் சாப்பிட மாட்டேங்கறன்னு யாரும் கேள்வி கேக்கல.

இப்போ மனசு கஷ்டமான விஷயம். ஒரு பையன் அவள வடக்கன்னு கூப்பிட்டிருக்கான். ஆறு வயசுப் பையனுக்கு வடக்கு எது தெற்கு எதுன்னு தெரியுமாங்க, வீட்டுல பெரியவங்க பேசறத தான் கொண்டு வந்திருக்கான். நான் கம்பெனில தினம் கேக்கற வார்த்தை தான், பஸ்ல கேக்கற வார்த்தை தான், ஆனா அஞ்சாங்கல்லு ஆடற இடத்துல கேக்கறப்போ வயிறு எரிஞ்சுது. டீச்சர் அவன எல்லார் முன்னாடியும் திட்டல. தனியா கூப்பிட்டு, அவளுக்கு ஒரு பேர் இருக்கு கண்ணு, அத சொல்லுன்னு சொல்லியிருக்காங்க, அவ்வளவு தான், சாயங்காலம் அவன் பேர் சொல்லி கூப்பிடற வரைக்கும் கூட இருந்திருக்காங்க. ஆனா அதோட விடல, அடுத்த மேலாண்மைக் குழு கூட்டத்துல பெத்தவங்க கிட்ட நேரா பேசினாங்க, யார் பேரையும் சொல்லாம, வீட்டுல நாம எந்த வார்த்தை போடறோமோ அத தான் புள்ளைங்க இங்க கொண்டு வர்றாங்கன்னு. கூட்டத்துல ஒரு ரெண்டு பேர் முகம் சுளிச்சாங்க. டீச்சர் பின்வாங்கல. அந்த ஒரு நாளுக்காகவே அவங்க மேல எனக்கு அவ்வளவு மரியாதை.

ஏற்கனவே இருக்கற புள்ளைங்க மனச பத்தியும் சொல்லணும், ஏன்னா அத யாரும் பேசறதில்ல. பாப்பாவோட ஜோடி புதுசா வந்தவ கூட ரொம்ப ஒட்டிக்கிட்டா, எங்க பாப்பா ஒரு வாரம் உம்முனு இருந்தா, ஸ்கூலுக்குப் போகலன்னு காலைல ஒரே அழுகை. நல்ல புள்ள இல்ல நீ, அவ பாவம்னு நாம அந்த நேரத்துல சொல்லிடுவோம், அப்படி சொன்னா கோவம் உள்ள போய் அந்தப் பொண்ணு மேல தான் திரும்பும். டீச்சர் கிட்ட சொன்னதும் அவங்க, ஜோடி போயிடுமோன்னு பயம் வர்றது சரி தானே, அவ பயத்துக்கு ஒரு இடம் குடுக்கணும்னு சொல்லி, மூணு பேரையும் சேத்து ஒரு வேலைல விட்டாங்க, செடிக்கு தண்ணி ஊத்தறது, ரெண்டு பேரால குடத்த தூக்க முடியாது, மூணாவது ஆள் வேணும். பழைய ஜோடி ரெண்டு பேருக்கும் தனியா கதைப் புத்தகம் பாக்கற நேரமும் விட்டு வெச்சாங்க. சரியாப் போச்சு.

தீபாவளிக்கு அந்தக் குடும்பம் ஊருக்குப் போச்சு. தீபாவளி முடிஞ்சு ஆறாவது நாள் அவங்களுக்கு சத் பூஜை, அவங்க ஊர்ல பெரிய பண்டிகை, அது முடிஞ்சு ரயில் டிக்கெட் கிடைச்சு தான் வர முடியும், அதனால லீவு முடிஞ்சும் ரொம்ப நாள் வரல. பல ஸ்கூல்ல இந்த மாதிரி நேரத்துல பேர எடுத்துடுவாங்க, இல்லன்னா திரும்பி வர்றப்போ புள்ள மறுபடி புதுசு. இங்க ஆணி அப்படியே இருந்துச்சு, பட்டாம்பூச்சியும் பேரும் இருந்துச்சு, நோட்டும் தட்டும் எடுத்து வெச்சிருந்தாங்க. தினம் அட்டண்டன்ஸ் எடுக்கறப்போ அவ பேர கூப்பிட்டதும் புள்ளைங்களே ஊருக்குப் போயிருக்கா டீச்சர்னு கத்துவாங்களாம். வந்த அன்னைக்கு மறுபடி வட்டமா உக்காந்து, நீ இல்லாதப்போ என்னென்ன நடந்துச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு அவளுக்கு சொல்லியிருக்காங்க. அன்னைக்கு தான் அவ முதல் தடவையா முழுசா ஒரு வாக்கியம் தமிழ்ல சொன்னான்னு பாப்பா சொன்னா, ரயில்ல ஜன்னல் சீட்டு கிடைச்சுதுன்னு.

குறைங்க இருக்கு, மறைக்க மாட்டேன். ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல எல்லா நோட்டீஸும் தமிழ்ல தான் வருது, அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு ஒண்ணும் புரியாம லீவு நாள் அன்னைக்கு புள்ளைய கூட்டிட்டு வந்து பூட்டின கேட் முன்னாடி நின்னிருக்காங்க. ஹிந்தில ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டா போதும். டீச்சர் லீவுன்னா ரெண்டு கிளாஸையும் சேத்து ஒருத்தர் பாக்கறாங்க, அந்த நாள்ல இந்த ஏற்பாடு எதுவும் நடக்கறதில்ல, இது ஒரு டீச்சரோட நல்ல மனசுல ஓடுதே தவிர ஸ்கூலோட பழக்கமா இன்னும் ஆகல. மத்தியானம் பெரிய புள்ளைங்க கிரவுண்டுக்கு வர்றப்போ சின்னதுங்கள பாக்க ஆள் பத்தல, இடிச்சுத் தள்ளறது அங்க தான் நடக்குது. பாத்ரூம் பத்தி தனியா கூட்டத்துல பேசிட்டு இருக்கோம்.

இந்த மாதிரி ஸ்கூல்ல உங்க புள்ள ஏற்கனவே படிக்குதுன்னா டீச்சர் எங்களுக்கு சொன்ன ரெண்டு மூணு விஷயம். நீ தான் அவள பாத்துக்கணும்னு முழு பாரத்தையும் புள்ள தலைல போடாதீங்க. இன்னைக்கு அவகூட விளையாடினியான்னு விசாரணை மாதிரி கேக்காம, இன்னைக்கு யார் யார் என்ன ஆட்டம் ஆடினீங்கன்னு கேளுங்க, எல்லாம் தானா வரும். அப்புறம் கேட் கிட்ட அந்தப் புள்ளையோட அம்மாவப் பாத்து ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், பாஷை வேண்டாம், நம்ம புள்ளைங்க அத பாத்துட்டே தான் நிக்கறாங்க. நான் இப்போ அந்தம்மா கூட தான் கேட் கிட்ட நிக்கறேன், அவங்க என்னய தீதிங்கறாங்க, அக்கான்னு அர்த்தம்.

ஸ்டார் குடுக்கணும்னா 5க்கு 4. ஒரு ஸ்டார் அந்த நோட்டீஸுக்கும் கிரவுண்டுக்கும் கட். ஃபீஸ் கிடையாது, புஸ்தகம் நோட்டு யூனிஃபார்ம் ஃப்ரீ, நடுவுல எப்போ வேணாலும் சேக்கலாம், ஆதார் இருந்தா எடுத்துட்டுப் போங்க, இல்லன்னாலும் போங்க. வேற ஸ்கூல் பாக்கறவங்க உள்ள போனதும் டீச்சர் கிட்ட, வருஷ நடுவுல ஒரு புள்ள வந்தா மத்த புள்ளைங்க கிட்ட முன்னாடி நாள் என்ன சொல்லுவீங்கன்னு கேளுங்க. அதுக்கு அவங்க என்ன பதில் சொல்றாங்கன்னு கமெண்ட்ல போடுங்க, அடுத்த மாசம் மேலாண்மைக் குழு கூட்டத்துல நல்லா இருக்கறத நான் எடுத்து வெக்கறேன்.